ஒரு கேள்வி, இரண்டு பதில்: ரவுட்டர் மற்ற ஆளுக்காகப் பேசினால் என்ன நடக்கும்?



இந்தக் கிழமை எபிசோட்டில் ரவுட்டர்களைப் பற்றிக் கதைக்கும்போது, "ஆர்ப் பற்றித் தனியாக எழுதுறன்" என்று சொல்லிவிட்டுத் தப்பிவிட்டேன். காதால் கேட்டு விளங்கக் கஷ்டமான விஷயம் அது. யார் கேட்டது, யார் பதில் சொன்னது என்று எண்களைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியோட வாசியுங்கோ.

முடிக்கும்போது மூன்று கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். ஆர்ப் கேள்வி ஒன்று வந்தால் ரவுட்டர் என்ன செய்யும்? எப்போது அது வேறு ஆளுக்காகப் பதில் சொல்லும்? அது பிழைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை நான் படித்தது என்னுடைய சொந்தப் பிழையால். அதிலிருந்தே தொடங்குறன்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை

சில வருஷத்துக்கு முந்தி, பார்க் எக்ஸில் ஒரு கட்டடத்தின் நெட்வேர்க்கை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு தமிழ்க் கடை. மேலே ஒரு கணக்காளர், ஒரு டியூஷன் சென்டர். எல்லாருக்கும் ஒரே சுவிட்ச், ஒரே நெட்வேர்க். கமரா, போன், பிரிண்டர் என்று கூடக் கூட முகவரிகள் போதாமல் போனது. ஜனவரி முதல் கிழமை நான் போய் நெட்வேர்க்கை இரட்டிப்பாகப் பெருப்பித்தேன். ஒரு மணித்தியால வேலை. எல்லாம் ஓடியது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, கடையில் சனம் நிரம்பி வழியிற நேரம், போன் வந்தது.

"தம்பி, புது கார்ட் மெஷின் திரும்பவும் நிண்டிட்டுது. பழசு மட்டும்தான் ஓடுது. லைன் கதவு வரைக்கும் போட்டுது."

நான் வீட்டிலிருந்தே அந்தக் கட்டடத்தின் பிரதான ரவுட்டருக்குப் பிங் அடித்துப் பார்த்தேன். பதில் வந்தது.

"அண்ணை, நெட்வேர்க் நல்லா இருக்கு. மெஷின்ல தான் ஏதோ பிழை. கார்ட் கம்பனியைக் கேளுங்கோ."

அவர் கேட்டார். அவர்கள் தங்கள் பக்கம் சரி என்றார்கள். அவர் திரும்பவும் எனக்கு எடுத்தார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாவது தரம் எடுக்கும்போது அவர் கோபப்படவில்லை. "காசு இல்லாத ஆக்கள் கூடையை அப்படியே வைச்சிட்டுப் போகினம், தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அக்காடி மெட்ரோவுக்குப் போனேன்.

நான் அங்கே என்ன கண்டேன் என்று சொல்வதற்கு முன், ஆர்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஆர்ப்: சத்தமாகக் கேட்கிற கேள்வி

ஒரே சுவிட்சில் இருக்கிற இரண்டு கருவிகள் பேச வேண்டுமென்றால் ஐபி முகவரி மட்டும் போதாது. ஈதர்நெட்டுக்கு ஐபி தெரியாது. அதற்குத் தெரிந்தது மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வேர்க் கார்டுக்கும் இருக்கிற 48 பிட் எண். ஆகவே "இந்த ஐபி யாருடையது? உன் மேக் என்ன?" என்று யாராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வி பதில் முறைதான் ஆர்ப். எம்.ஐ.டி.யில் இருந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் இதை எழுதினார். ஆர்.எஃப்.சி. 826 என்பது அதன் எண். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் உங்கள் வீட்டு வைஃபையில் ஓடுவது அதே முறைதான்.

கேள்வி எல்லாருக்கும் போகும். இதுதான் புரோட்காஸ்ட். பெரிய கலியாண மண்டபத்தில் மைக்கில் "192.168.10.20 யார்? 192.168.10.1 ஐத் தேடி வாங்கோ" என்று கூப்பிடுவது மாதிரி. பதில் சொல்கிறவர் மைக்கில் கத்த மாட்டார். கூப்பிட்ட ஆளிடம் நேரே போய்த் தன் மேக்கைச் சொல்வார். கேட்டவர் அதைத் தன் ஆர்ப் அட்டவணையில் கொஞ்ச நேரம் எழுதி வைத்திருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பதில் சொல்கிறவர் உண்மையில் அந்த ஆள்தானா என்று யாரும் அடையாள அட்டை பார்ப்பதில்லை. 1982இல் ஒரு நெட்வேர்க்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். பிறகு வந்த தலையிடிகள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

ரவுட்டர் என்ன செய்யும்?

ரவுட்டருக்கு ஒரு ஆர்ப் கேள்வி வந்தால் இந்த ஒழுங்கில் யோசிக்கும்:

1. கேட்கிற ஆளின் ஐபி ஏற்கனவே என் அட்டவணையில் இருக்கா? இருந்தால் அந்த வரியைப் புது மேக்கால் திருத்து.

2. கேட்கப்படும் ஐபி என்னுடையதா? ஆம் என்றால் கேட்டவரையும் அட்டவணையில் சேர்த்துக்கொண்டு, என் மேக்கைப் பதிலாக அனுப்பு.

3. என்னுடையது இல்லையா? பேசாமல் இரு. கேள்வியை அடுத்த நெட்வேர்க்குக்குக் கடத்தவும் வேண்டாம்.

மூன்றாவது படி முக்கியம். ரவுட்டரின் வேலை ஐபி பக்கெட்டைக் கடத்துவது. ஆர்ப் கேள்வி அந்தந்த நெட்வேர்க்குக்குள்ளேயே முடிய வேண்டும். இல்லாவிட்டால் உலகத்தில் எங்கேயோ ஒரு ஆள் கூப்பிடுவது எல்லாருடைய வீட்டிலும் கேட்கும்.

முதல் படியையும் மறக்காதீர்கள். கதையின் கடைசியில் அது திரும்பி வரும்.

ப்ராக்ஸி ஆர்ப்: அம்மாவின் போனை எடுக்கிற பிள்ளை

மூன்றாவது படிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதன் பெயர் ப்ராக்ஸி ஆர்ப்.

இங்கே வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. பத்து வயசில் ஹைட்ரோ கியூபெக்குக்குப் போன் எடுத்து, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, "ஓம், நான்தான் கணக்குக்காரர்" என்று பிரெஞ்சில் சொன்ன ஆக்கள் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்கள்? அம்மா பக்கத்தில் நிற்பா. மறுபக்கத்தில் இருக்கிறவருக்கு அது தெரியாது. அவர் சொல்வது எங்களுக்கு வரும், நாங்கள் அம்மாவுக்குக் கடத்துவோம். வேலை முடியும்.

ப்ராக்ஸி ஆர்ப் வந்ததும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான். 1985இல் ஆர்.எஃப்.சி. 950 மூலம் சப்நெட் முறை தரநிலையானது. ஒரு பெரிய நெட்வேர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கலாம் என்றானது. ஆனால் அந்தக் காலத்துக் கொம்பியூட்டர்கள் பலவற்றுக்கு இந்தப் புது மொழி தெரியாது. முழு நெட்வேர்க்கும் ஒரே மண்டபம் என்று நினைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. 1987 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1027 டெக்சஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் பயன்படுத்திய வழியை விவரித்தது: நடுவில் நிற்கிற ரவுட்டரே "ஓம், நான்தான்" என்று தன் மேக்கைச் சொல்லட்டும். பக்கெட் தன்னிடம் வந்ததும் உரிய ஆளிடம் கடத்தட்டும். பழைய கொம்பியூட்டரில் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை.

அப்படியென்றால் ப்ராக்ஸி ஆர்ப் இயங்கும் ரவுட்டருக்கு மூன்றாவது படி இப்படி மாறும்:

3. என்னுடையது இல்லையா? அந்த ஐபிக்கு என்னிடம் ரூட் இருக்கா? அந்த ரூட், கேள்வி வந்த பக்கம் இல்லாமல் வேறொரு பக்கத்தால் போகுதா? இரண்டுக்கும் ஆம் என்றால், என் மேக்கைப் பதிலாக அனுப்பு.

இரண்டாவது நிபந்தனை பாதுகாப்புக்காக. கேள்வி வந்த பக்கத்திலேயே அந்த ஆள் இருந்தால், அவரே பதில் சொல்லுவார். ரவுட்டர் வாயைத் திறக்கக் கூடாது.

பிள்ளை போன் எடுக்கிறது எப்போது பிழைக்கும்? வீட்டில் என்ன மாறியது என்று பிள்ளைக்குத் தெரியாதபோது. ப்ராக்ஸி ஆர்ப்பும் அப்படித்தான். ரவுட்டர் தன்னிடம் இருக்கிற வரைபடத்தை வைத்துத்தான் பேசும். வரைபடம் பழசு என்றால், அது முழு நம்பிக்கையோடு பிழையான பதிலைச் சொல்லும்.

கடைக்குத் திரும்புவோம்

நான் செய்த மாற்றம் இதுதான். பழைய நெட்வேர்க் 192.168.10.0/24. அதாவது 192.168.10 இல் தொடங்குகிற எல்லாரும் அயலவர், மற்றவர்கள் வெளியாட்கள். பாவிக்கக்கூடிய முகவரிகள் 254. நான் அதை /23 ஆக்கினேன். இப்போது 192.168.10, 192.168.11 இரண்டில் தொடங்குகிறவர்களும் அயலவர். முகவரிகள் 510.

பழைய கார்ட் மெஷின் 192.168.10 பக்கத்தில் இருந்தது. புது மெஷினுக்கு நான் கொடுத்தது 192.168.11.20.

பிரதான ரவுட்டரில் /23 போட்டேன். கமராக்கள், பிரிண்டர், எல்லாம் சரிபார்த்தேன். ஆனால் மேலே டியூஷன் சென்டரில் ஒரு பழைய சிஸ்கோ ரவுட்டர் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தி நானே செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தது. அவர்களுக்குத் தனி இன்டர்நெட் லைன். பொதுப் பிரிண்டருக்காக மட்டும் அந்த ரவுட்டரின் ஒரு கால் எங்கள் சுவிட்சில் நின்றது, 192.168.10.5 என்ற முகவரியோடு. அதில் /24 அப்படியே இருந்தது. அதை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

இன்னொன்று: சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.ஸில் ப்ராக்ஸி ஆர்ப் நீங்கள் ஒன்றும் செய்யாமலே இயங்கும். நிறுத்த வேண்டுமென்றால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். லினக்ஸில் இதற்கு எதிர்மாறு. நீங்கள் கேட்டால்தான் இயங்கும்.

இப்போது படிப்படியாகப் பாருங்கள். ஒரு ஆள் கார்டைத் தட்டுகிறார். புது மெஷின் பிரதான ரவுட்டருக்குப் பக்கெட் அனுப்புகிறது. அது இன்டர்நெட்டுக்குப் போகிறது. பதில் திரும்பி வருகிறது. பிரதான ரவுட்டர் அதை மெஷினிடம் கொடுக்க வேண்டும். "192.168.11.20 யார்?" என்று கேட்கிறது.

மெஷின் சொல்கிறது: "நான்."

மேலே இருக்கிற சிஸ்கோவும் கேள்வியைக் கேட்கிறது. அதன் வரைபடத்தில் 192.168.11 என்பது அயல் இல்லை, வெளி. வெளிக்கு ரூட் இருக்கா? இருக்கு, டியூஷன் சென்டரின் சொந்த லைன் வழியாக. கேள்வி வந்த பக்கம் இல்லாமல் வேறு பக்கமா? ஆம். இரண்டு நிபந்தனையும் சரி. அதுவும் சொல்கிறது: "நான்."

ஒரு கேள்வி, இரண்டு பதில். பழைய முறைப்படி பிந்தி வந்த பதில் முந்தினதை அழித்து எழுதும். சில கருவிகள் முதல் பதிலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கட்டடத்து ரவுட்டர் பிந்தினதையே எடுத்தது, சிஸ்கோ கொஞ்சம் ஆறுதலாகப் பதில் சொன்னது. ஆகவே பணம் கட்டியதற்கான பதில் மேல்மாடிக்குப் போய், அங்கிருந்து டியூஷன் சென்டரின் லைனால் வெளியே போய், 192.168 என்பது தனியார் முகவரி என்றபடியால் எங்கேயோ தொலைந்துபோனது. மெஷின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ரத்து" என்று காட்டியது.

அப்படியென்றால் ஏன் இடைக்கிடை வேலை செய்தது? முதல் படியை ஞாபகப்படுத்துங்கோ. மெஷின் தானே பிரதான ரவுட்டரைத் தேடி ஒரு ஆர்ப் கேள்வி கேட்கும்போதெல்லாம், ரவுட்டர் மெஷினின் சரியான மேக்கை அட்டவணையில் திருத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் எல்லாம் சரி. பிறகு அந்த வரி காலாவதியாகும். ரவுட்டர் திரும்பக் கேட்கும். திரும்ப இரண்டு பதில்.

பழைய மெஷினுக்கு ஒன்றும் ஆகாததற்கும் காரணம் இதுதான். 192.168.10 பக்கம் சிஸ்கோவுக்கு அயல். அந்தப் பக்கக் கேள்விகளுக்கு அது வாய் திறக்கவில்லை. நான் அதைப் பார்த்து "புது மெஷின் பழுது" என்று முடிவெடுத்தேன். உண்மையில் அது எனக்குக் கிடைத்த முதல் தடயம். பழுதான மெஷினுக்கும் நல்ல மெஷினுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், நான் அந்தக் கிழமை மாற்றிய எண்தான் வித்தியாசம் என்று தெரிந்திருக்கும்.

எப்படிப் பிடித்தேன்

சுவிட்சில் லப்டொப்பைக் குத்தி, வயர்ஷார்க்கைத் திறந்து, ஆர்ப் மட்டும் காட்டச் சொன்னேன். பிறகு லப்டொப்பிலிருந்தே 192.168.11.20 ஐத் தேடினேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்து விழுந்தது. ஒரே ஐபியை இரண்டு பேர் பாவிக்கிறார்கள் என்று வயர்ஷார்க்கே எச்சரித்தது.

இரண்டாவது மேக்கின் முதல் மூன்று பைட்டைத் தேடிப் பார்த்தேன். அந்த மூன்று பைட் கருவியைச் செய்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. சிஸ்கோ என்று வந்தது. கடையில் சிஸ்கோ எதுவும் இல்லை. அப்போதுதான் மேல்மாடி ஞாபகம் வந்தது.

திருத்தம் மூன்று வரி வேலை. சிஸ்கோவின் மாஸ்க்கை /23 ஆக்கினேன். அந்தப் பக்கத்தில் "நோ ஐபி ப்ராக்ஸி ஆர்ப்" என்ற கட்டளையைக் கொடுத்தேன். பிரதான ரவுட்டரின் ஆர்ப் அட்டவணையை அழித்தேன். கடைசிப் படியை விடக் கூடாது. சிஸ்கோ கருவிகள் ஆர்ப் வரியை வழமையாக நாலு மணித்தியாலம் வைத்திருக்கும். பிழையைத் திருத்தினாலும் பழைய பதில் அவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம்.

பிறகு கீழே போய்ச் சொன்னேன். "அண்ணை, மெஷினும் சரி, கார்ட் கம்பனியும் சரி. நான் போன கிழமை செய்த வேலையில தான் பிழை."

அவர் லைனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப அந்தப் பெட்டியை ஒருக்கா உள்ள தூக்கி வையுங்கோ, தம்பி. கரும்பு வந்திருக்கு." அண்டைக்கு நான் பில் போடவில்லை. பின்னேரம் வரை கரும்பு தூக்கினேன்.

இது கடைப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. இதே பிழை மிகப் பெரிய அளவிலும் நடக்கக்கூடியது. மொன்றியலில் கியூ.ஐ.எக்ஸ். என்று ஒரு இணையப் பரிமாற்ற மையம் இருக்கிறது. இன்டர்நெட் கம்பனிகளும் மற்ற நெட்வேர்க்குகளும் தங்கள் ரவுட்டர்களைக் கொண்டுவந்து ஒரு பொது ஈதர்நெட்டில் இணைத்து, தங்களுக்குள் நேரடியாகப் போக்குவரத்தை மாற்றிக்கொள்கிற இடம். உலகம் முழுக்க இப்படி மையங்கள் இருக்கின்றன. அடிப்படையில் எங்கள் பார்க் எக்ஸ் சுவிட்ச் மாதிரித்தான்: ஒரு மண்டபம், ஆளுக்கொரு முகவரி. வித்தியாசம், இங்கே ஒவ்வொரு "கடை"யும் ஒரு முழுக் கம்பனி.

இப்படி ஒரு மையம் வளர்ந்து /24 இலிருந்து /23 க்குப் போகிறது என்று வையுங்கோ. ஒரேயொரு உறுப்பினர் மாஸ்க்கை மாற்ற மறந்து, ப்ராக்ஸி ஆர்ப்பையும் விட்டிருந்தால், புதிதாக வந்தவர்களுக்குப் போக வேண்டிய போக்குவரத்தை அவருடைய ரவுட்டர் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் ஆம்ஸ்டர்டாமின் ஏ.எம்.எஸ்.ஐ.எக்ஸ். போன்ற மையங்கள் உறுப்பினர்களிடம் ப்ராக்ஸி ஆர்ப்பை நிறுத்தச் சொல்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆம்ஸ்டர்டாம் மையம் வேண்டுமென்றே இன்னொருவருக்காகப் பதில் சொல்கிற ஒரு கருவியையும் எழுதியது. பெயர் ஆர்ப் ஸ்பொஞ்ச். ஒரு உறுப்பினரின் ரவுட்டர் விழுந்தால், மற்ற நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள் "அவர் எங்கே, அவர் எங்கே" என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எல்லா ரவுட்டரையும் களைக்க வைக்கும். கேள்விகள் ஒரு அளவைத் தாண்டினால் ஸ்பொஞ்ச் தன் மேக்கைக் கொடுத்துச் சத்தத்தை அடக்கும்.

ஆக, மற்ற ஆளுக்காகப் பதில் சொல்வது எப்போதும் பிழை இல்லை. வைஃபை அக்சஸ் பொயின்ட்கள் சிலவும் காற்றில் போகிற புரோட்காஸ்ட்டைக் குறைக்க இதைச் செய்கின்றன. ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்று பிரித்து வைத்த அபார்ட்மென்ட் நெட்வேர்க்குகளிலும் ரவுட்டர் எல்லாருக்காகவும் பதில் சொல்வதுண்டு. அங்கெல்லாம் யாரோ ஒருவர் யோசித்து, வேண்டுமென்று இயக்கியிருக்கிறார். எனக்கு நடந்தது, யாரும் கேட்காமல் இயங்கியது.

வீட்டில் செய்து பாருங்கோ

உங்கள் சொந்த நெட்வேர்க்கில் மட்டும். விண்டோஸிலோ மேக்கிலோ கட்டளைத் திரையைத் திறந்து, "ஆர்ப்", ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, "ஏ" என்று ஆங்கிலத்தில் அடியுங்கோ. உங்கள் கொம்பியூட்டரின் ஆர்ப் அட்டவணை வரும்.

உங்கள் ரவுட்டரின் வரி எது? அதன் மேக்கின் முதல் மூன்று பைட் எந்த நிறுவனத்தைக் காட்டுகிறது? ஒரே மேக் பல ஐபிகளுக்கு முன்னால் நிற்கிறதா? நின்றால் அங்கே யாரோ மற்றவர்களுக்காகப் பதில் சொல்லக்கூடும். ஏன் என்று தேடிப் பாருங்கோ.

வேலையில் நெட்வேர்க்கின் அளவை மாற்றப் போகிறவர்களுக்கு: மாற்றுவதற்கு முதல், அந்த நெட்வேர்க்கில் ஒரு காலாவது வைத்திருக்கிற எல்லா ரவுட்டரையும் எழுதுங்கோ. ஞாபகத்திலிருந்து எழுதாதேங்கோ, ஆர்ப் அட்டவணையைப் பார்த்து எழுதுங்கோ. தேவையில்லாத இடத்தில் ப்ராக்ஸி ஆர்ப்பை நிறுத்துங்கோ. முடிந்ததும் புது முகவரி ஒன்றைத் தேடிப் பார்த்து, எத்தனை பதில் வருகுது என்று எண்ணுங்கோ. ஒன்றுதான் வர வேண்டும்.

போன் வந்து "ஓடேல்லை" என்று சொன்னால், "நெட்வேர்க் நல்லா இருக்கு" என்று சொல்லுவதற்கு முதல், கடைசியாக நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று பாருங்கோ. நான் ரவுட்டருக்குப் பிங் அடித்தேன். மெஷினுக்கு அடிக்கவே இல்லை.

அடுத்த மடலில் ஐபிவி6. அங்கே ஆர்ப்பே இல்லை, ஆனால் அயலவரைத் தேடுகிற வேலை வேறு பெயரில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் விசித்திரமாக ஏதாவது கண்டால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. நல்லதைத் தெரிந்தெடுத்து எபிசோட்டில் கதைப்பம்.

வாறன்.